22 மரம் பாக்கெட் ரிவ்யூ: மரம் ஓகே, இலை தான் நம்மள விட்டு ஓடுது

மொதல்லயே சொல்லிடறேன், இது டேபிள் கேமுக்குன்னு வாங்குன குட்டி பொம்மை மரம் பாக்கெட்ட மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ. பாக்கெட் வந்த அன்னிக்கே எழுதியிருந்தா ஒரு ஸ்டார் தான் குடுத்திருப்பேன், அதுவும் டப்பா நசுங்காம வந்துச்சேன்னு. இப்ப அஞ்சுக்கு மூணரை. ஒண்ணுக்கும் மூணரைக்கும் நடுவுல எவ்ளோ பசை, எவ்ளோ ஸ்பாஞ்ச், எவ்ளோ திட்டு இருக்குங்கறத தான் எழுதப் போறேன், கொஞ்சம் நீளமாவே இருக்கும்.

மினியேச்சர், அதாங்க குட்டி சிப்பாய் பொம்மை, வச்சு டேபிள்ல சண்டை போடற கேம் ஆடுறவங்களுக்கு நான் சொல்றது புரியும். ஆர்மிக்கு வருஷக்கணக்கா பெயிண்ட் அடிப்போம், ஒவ்வொருத்தன் கண்ணுக்குள்ளயும் கருமணி வெப்போம், ஆனா ஆட உக்காந்தா டேபிள் மேல ஒரு பச்ச துணி, துணிக்கு அடியில நாலு புக்கு அடுக்கி அதுக்கு பேரு மலை, ஒரு பேப்பர கோணலா வெட்டி போட்டு அதுக்கு பேரு காடு. நான் நாலு வருஷம் அந்த பேப்பர் காட்டுல தான் ஆடுனேன். ஒரு நாள் ஃபேன் காத்துல காடே பறந்து போயி எதிராளி டேங்க் மேல உக்காந்துச்சு. அன்னிக்கு தான் இனிமே நிஜமா மரம் வாங்குவோம்னு முடிவு பண்ணேன்.

ஆன்லைன்ல தேடுனா எல்லாருக்கும் வர்ற அதே பாக்கெட் தான் எனக்கும் வந்துச்சு, ரயில் மாடல் பண்றவங்களுக்குன்னு விக்கிற கலப்பு மரம், 22 பீஸ், 3 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு 16 சென்டிமீட்டர் வரைக்கும். வித்தவங்க பேர போடல, ஏன்னா இதே சரக்க பத்து பேரு பத்து பேர்ல விக்கறாங்க, ஒருத்தர மட்டும் இழுத்து வெச்சு அடிக்கறதுல அர்த்தமில்ல. படத்துல பாத்தா என்னமா இருந்துச்சு தெரியுமா, பச்சபசேல்னு, வெய்யில்ல எடுத்த போட்டோ மாதிரி. கீழ "நேரடியா உபயோகிக்கலாம்"னு வேற போட்டிருந்தாங்க. அந்த வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க.

டப்பாவ தொறந்தேன். மரம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள கெடந்துச்சு, கவரோட அடியில ஒரு ஸ்பூன் அளவுக்கு பச்ச தூள். மொத மரத்த அடிமரத்துல பிடிச்சு தூக்குனேன், விரல் பட்ட அதிர்வுக்கே மேலேந்து பொலபொலன்னு கொட்டுச்சு. தட்டக்கூட இல்லங்க, தூக்குனதுக்கே. அடிமரம் பளபளன்னு சாக்லேட் கலர் பிளாஸ்டிக், பக்கவாட்டுல அச்சுல வார்த்த கோடு அப்படியே தெரியுது. அடியில ஒரு சின்ன ஆணி மாதிரி கூர்முனை, 5 மில்லிமீட்டர் இருக்கும், ரயில் மாடல்காரங்க தெர்மாகோல் தரையில குத்தி வெக்கறதுக்காக. நம்ம டேபிள்ல குத்த இடம் ஏது? அந்த முனையால மரம் நிக்கவே நிக்காது, வெச்ச உடனே சாஞ்சிடும். அப்ப நேரடியா உபயோகிக்கறதுன்னா எப்படி, கையில பிடிச்சுக்கிட்டே ஆடணுமா?

கணக்கு பாத்தேன். 16 சென்டிமீட்டர் 2, 12 அளவுல 3, 10 அளவுல 4, 7-8 அளவுல 5, மிச்சம் 8 எல்லாம் 3-லேந்து 5 சென்டிமீட்டருக்குள்ள. இந்த எடத்துல ஸ்கேல் பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும், ஏன்னா பாதி பேரு ஏமாறுறது இங்க தான். நம்ம 28 மில்லிமீட்டர் ஃபிகர், அதாவது அவ்ளோ உயர சிப்பாய் பொம்மை, கிட்டத்தட்ட 1:56 ஸ்கேல், நெஜத்துல 56-ல ஒரு பங்கு. நெஜத்துல நல்லா வளந்த 20 மீட்டர் மரம் ஒண்ண அந்த ஸ்கேல்ல செஞ்சா 35 சென்டிமீட்டருக்கு மேல வரும். அந்த சைஸ்ல பத்து மரம் டேபிள்ல வெச்சா எதிர்ல உக்காந்திருக்கறவன் மூஞ்சி தெரியாது, கை விட்டு ஃபிகர நகத்தவும் முடியாது. அதனால ஆட்டத்துக்கு எல்லாரும் 10-லேந்து 15 சென்டிமீட்டர் மரத்தோட நிறுத்திக்கறாங்க, கண்ணும் அத ஒத்துக்குது. ஆக இந்த பாக்கெட்டுல 28 மில்லிமீட்டருக்கு மரம்னு சொல்லிக்கற மாதிரி இருக்கறது 9 தான். 7-8 சென்டிமீட்டர் மரம் 15 மில்லிமீட்டர் கேமுக்கு அருமையா செட் ஆவுது, அங்க ஸ்கேல் 1:100, அப்ப அது 7-8 மீட்டர் மரம். 3 சென்டிமீட்டர் பொடிசு 28-க்கு ஒரு ஆள் உயர புதர், அதுவே 6 மில்லிமீட்டர் ஆடுறவனுக்கு முழு மரம். "22 மரம்"னு பாத்துட்டு ஒரு முழு டேபிள் காடு வந்துடும்னு நெனச்சா ஏமாந்தீங்க, ஆனா மூணு ஸ்கேல் ஆடுறவன் கையில இந்த பாக்கெட் கெடச்சா ஒண்ணு கூட வீணாகாது.

சரி, மொத ஆட்டம். மாஞ்சு மாஞ்சு யோசிச்சு, கூர்முனைய வெட்டிட்டு, நாணயம் சைஸ் வாஷர்ல ஹாட் க்ளூ வெச்சு ஒட்டி, 9 மரத்தையும் டேபிள்ல நிறுத்தியாச்சு. மூணாவது ரவுண்டு முடியறதுக்குள்ள டேபிள் முழுக்க பச்ச பொடி. ஃபிகர் பேஸ் மேல, டைஸ் மேல, அளக்கற டேப்புக்குள்ள. மரத்துக்கு நடுவுல கைய விடும்போது முழங்கை பட்டு ரெண்டு விழுந்துச்சு, விழுந்ததுல ஒண்ணோட தலையே தனியா கழண்டு வந்துச்சு. என்கூட ஆடுனவன் அத கையில எடுத்து பாத்துட்டு, "மச்சி, நீ சுட்டது உன் மரத்தயா இல்ல என் ஆளயா"ன்னான். நான் பதில் சொல்லல.

தப்பு எங்கன்னு வீட்டுக்கு வந்து பிரிச்சு பாத்தேன். கிளை நல்ல கிளைங்க, உண்மையா சொல்றேன். பிளாஸ்டிக் மரத்துல கிளை மூணு நாலு அடுக்கா விரிஞ்சிருக்கு, வளச்சா உடையல. கம்பி மரம் நாலு இருந்துச்சு, மெல்லிசு கம்பிய முறுக்குனது, அது இன்னும் நல்லா இருக்கு. பிரச்சன பூரா பசையில. ஒரு மெல்லிசு கோட்டு பசை தடவி, தூள்ல ஒரு முக்கு முக்கி எடுத்து, மேல எதையும் அடிச்சு இறுக்காம அப்படியே கவர்ல போட்டுட்டாங்க. ரயில் லேஅவுட்ல ஒரு தடவ குத்தி வெச்சா வருஷக்கணக்கா யாரும் தொட மாட்டாங்க, அதுக்கு அது போதும். நம்ம மரம் வாராவாரம் டப்பாலேந்து எடுக்கணும், வெக்கணும், தட்டி விடணும், மறுபடி டப்பாக்குள்ள திணிக்கணும். அந்த அடிய தாங்கற மரத்த இந்த வெலைக்கு யாரும் செஞ்சு விக்கப் போறதில்ல. அப்ப இத மரம்னு பாக்காம, இலை இல்லாத வெறும் கிளை எலும்புக்கூடுன்னு பாத்தா? அங்க தான் என் கணக்கு மாறுச்சு. ஒரு டஜன் எலும்புக்கூடு வாங்கற காசுக்கு 22 எலும்புக்கூடு கிடச்சுது, கூடவே கொஞ்சம் பச்ச தூளும் இனாம்.

ஒரு பழைய டூத் பிரஷ்ஷால அந்த 9 மரத்தையும் ஒரு தட்டு மேல வெச்சு நல்லா தேய்ச்சு கொட்டறது கொட்டட்டும்னு விட்டேன், தூள தூக்கிப் போடாதீங்க, பின்னாடி வேணும். அப்புறம் அடிமரம். பி.வி.ஏ. பசை, அதாங்க வெள்ளை மரப்பசை, அதுல சலிச்ச மணலும் கொஞ்சம் பிரவுன் பெயிண்ட்டும் குழைச்சு கெட்டியா கீழேந்து மேல இழுத்து பூசுனேன். பிளாஸ்டிக் பளபளப்பு போச்சு, அச்சுக் கோடு போச்சு, பட்டை மாதிரி சொரசொரப்பு வந்துச்சு, மேல சாம்பல் கலர்ல டிரை பிரஷ், அதாவது பிரஷ்ல பெயிண்ட்ட முக்காவாசி தொடச்சுட்டு மேடு மேல மட்டும் படற மாதிரி லேசா தேய்க்கறது. மரத்துக்கு பிரவுன் தான்னு சின்ன வயசுல கிரேயான் பெட்டி நம்ம மனசுல பதிய வெச்சிருக்கு. வெளிய போயி ஒரு மரத்த உத்துப் பாருங்க, முக்கால்வாசி மரம் சாம்பல், கொஞ்சம் பச்சை, நிழல் பக்கம் கருப்பு. சாம்பல் அடிச்ச உடனே அந்த பொம்மை லுக்கு பாதி போயிடுச்சு. இந்த முழு வேலையில கம்மி காசுல ஜாஸ்தி பலன் குடுத்தது இந்த ஒரு பூச்சு தான்.

இலைக்கு கடையில விக்கிற டர்ஃப் (பச்ச தூள்), கிளம்ப் ஃபோலியேஜ் (கொத்து கொத்தா இலை) எல்லாம் இருக்கு, வுட்லண்ட் சீனிக்ஸ் மாதிரி பிராண்டுல கலர் எல்லாம் சூப்பரா வரும், ஆனா 9 மரத்துக்கு ஒரு பை காணாது, காடு பண்ண ஆரம்பிச்சா காடு மாதிரி தான் காசும் போவும். அதனால பழைய மெத்தை ஸ்பாஞ்ச். பிய்ச்சு மிக்ஸியில போட்டு அடிச்சேன், காய்ஞ்ச ஸ்பாஞ்சு பிளேடுக்கு சிக்காம மேல மேல மிதந்து டிஸ்கோ ஆடுது. முக்கா ஜார் தண்ணி ஊத்தி அடிச்சா தான் பிளேடு புடிக்குது. ஒரு எச்சரிக்கை, அந்த ஜார் அதுக்கப்புறம் சமையல் ரூமுக்கு திரும்பி போகக் கூடாது, இதுக்குன்னு ஒரு பழசு தேத்திக்கோங்க, வீட்டுல ஒரு நாள் கூட நிம்மதியா இருக்க முடியாது இல்லன்னா. அடிச்சத துணியில பிழிஞ்சு, தண்ணியில கரைச்ச அக்ரிலிக் பெயிண்ட்டோட பிசைஞ்சு, பேப்பர்ல பரப்பி காய வெச்சா ரெண்டு நாள் ஆவும். மூணு பச்சை போடுங்க: ஒண்ணு கரும்பச்சை, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு மஞ்சள் கலந்தது. ஒரே பச்சையில மரம் செஞ்சா அது மரம் இல்ல, குச்சியில சொருகுன ஸ்பாஞ்சு.

ஒட்டும்போது நான் பண்ணது, கிளை முழுக்க தண்ணி கலக்காத பசைய பிரஷ்ல அப்பி, கரும்பச்சை கிண்ணத்துல தலைகீழா அமுக்கி ஒரு திருகு. காஞ்சப்புறம் மேல் பாதிக்கு மட்டும் மறுபடி பசை, நடுத்தரப் பச்சை. உச்சியில அங்கங்க மஞ்சப் பச்சை. வெளிச்சம் மேலேந்து வர்றதால மேல வெளுப்பா கீழ இருட்டா இருந்தா கண்ணு அத அப்படியே நம்பிடுது. கிளைக்கு நடுவுல ஓட்டை தெரியணும், வானம் தெரியணும், எல்லாத்தையும் அடச்சிடாதீங்க. ஹாப்-இ-டாக்னு ஒரு பசை இருக்கு, அது வெள்ளையா தடவி கொஞ்ச நேரம் விட்டா தெளிஞ்சு பிசுபிசுன்னு ஆவும், அப்ப ஒட்டணும், வேலை சீக்கிரம் முடியும். ஆனா சாதா பசையே எனக்கு போதுமா இருந்துச்சு.

கடைசி ஸ்டெப்ப தான் பாக்கெட்காரங்க விட்டுட்டாங்க, நீங்க விட்டுடாதீங்க. பசையும் தண்ணியும் சரிபாதி கலந்து, அதுல பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு விட்டு, ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி, மரம் சொட்டச் சொட்ட நனையற வரைக்கும் அடிக்கணும். சோப்பு எதுக்குன்னா, அது இல்லன்னா தண்ணி ஸ்பாஞ்சு மேலயே முத்து முத்தா நிக்கும், உள்ள எறங்காது. அடிச்ச உடனே மரம் பால் ஊத்துன மாதிரி வெள்ளையா ஆயிடும். நான் பயந்து போயி தொடைக்கப் பாத்தேன், தொடைச்ச எடத்துல ஒட்டுனது பூரா கையோட வந்துச்சு. தொடாம ஒரு நாள் விட்டா தெளிவாயிடும். மறுநாள் எடுத்து தட்டுனேன், ஓங்கித் தட்டுனேன், தலைகீழா பிடிச்சு உலுக்குனேன். மூணு துகள் விழுந்துச்சு. எண்ணிப் பாத்தேன்ல, அதான் சொல்றேன்.

மொத்தம் எவ்ளோ நேரம்னா, 9 மரத்துக்கும் சேத்து கை வேலை நாலஞ்சு மணி நேரம், காயற நேரம் தான் மூணு நாலு நாள இழுத்துக்குது. ஒரு மரத்த முடிச்சுட்டு அடுத்தது தொடாதீங்க, எல்லாத்தையும் வரிசையா நிறுத்தி ஒரே ஸ்டெப்ப எல்லாத்துக்கும் பண்ணிக்கிட்டே போங்க, ஒம்பதாவது முடியும்போது மொதலாவது காஞ்சிருக்கும்.

இந்த பாக்கெட்ட விட்டா வேற என்ன இருக்குன்னு கேப்பீங்க. வெறும் எலும்புக்கூடா விக்கிற பிராண்டட் பிளாஸ்டிக் மரம் இருக்கு, தட்டையா வரும், ஒவ்வொரு கிளையையும் நம்ம முறுக்கி முப்பரிமாணமா ஆக்கணும், வளச்சா வளச்ச படியே நிக்கும், தரம் இத விட மேல, வெலையும் மேல. ரெண்டு மூணு பெரிய மரம் போதும்னா அது தான் சரி. கேம்ஸ் வொர்க்‌ஷாப் (வார்ஹாமர் கேம் பண்ற கம்பெனி) ஒரு காலத்துல சிட்டாடல் வுட்னு ஒரு கிட் வித்தாங்க, மூணு பிளாஸ்டிக் மரம், ஒரு பெரிய அடித்தட்டு, வேணும்னா மரத்த கழட்டி வெச்சுக்கலாம், அந்த ஐடியாவ நான் சுட்டத பின்னாடி சொல்றேன். கம்பி மரம் சொந்தமா முறுக்கறது தனி சுகம், 0.5 மில்லிமீட்டர் கம்பி ஒரு இருபது துண்ட சேத்து அடியில முறுக்கி, மேல போகப் போக ரெண்டு ரெண்டா பிரிச்சு முறுக்கிக்கிட்டே போனா கிளை தானா வரும், அடி முனைய விரிச்சா வேர், மேல மாஸ்கிங் டேப் சுத்தி அதே மணல் பூச்சு. அழகுல இத அடிச்சுக்க ஆளே இல்ல, ஆனா மொத மரத்துக்கு எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, விரல் நுனி எல்லாம் எரிச்சல். காட்டுக்கு நடுவுல ராஜா மாதிரி ஒரு மரம் வேணும்னா அப்படி பண்ணுங்க, முப்பது மரத்துக்கு வேணாம். காஞ்ச செடியில வர்ற சீஃபோம் மரம் ரொம்ப நேச்சுரல், கிளை எல்லாம் முடி மாதிரி, ஆனா முறுக்குன்னு ஒடியும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கற சரக்கு அது, ஆடுறதுக்கு இல்ல. பாட்டில் பிரஷ் மாதிரி கம்பியில நார் முறுக்குன பைன் மரம் மட்டும் கண்ண மூடிட்டு வாங்கலாம், கத்திரியால ஒழுங்கில்லாம அங்கங்க வெட்டி, கரும்பச்சை அடிச்சு, மேல எடுத்து வெச்ச அந்த பச்ச தூள் கொஞ்சம் ஒட்டுனா முடிஞ்சுது, விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.

இனி பேஸ். என்னைக் கேட்டா மரத்த விட பேஸ் தான் முக்கியம், இந்த பாக்கெட் மூணரை ஸ்டார் வாங்குனதுக்கு காரணமே அது, பாக்கெட்ல அது இல்லவே இல்லன்னாலும்.

தனித்தனி வாஷர்ல நிக்கிற மரம் அழகா இருக்கும், ஆனா காடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சண்டை வரும். "என் ஆளு காட்டுக்குள்ள இருக்கான்", "இல்ல வெளிய இருக்கான்", அரை மணி நேரம் போயிடும். காட்டுக்கு ஒரு எல்லை வேணும், தரையில தெரியணும். ஆனா எல்லைக்குள்ள மரத்த நிரந்தரமா ஒட்டிட்டா ஃபிகர் உள்ள போக முடியாது. 25 மில்லிமீட்டர் வட்ட பேஸ் எப்படியாவது நுழையும், 15 மில்லிமீட்டர் கேம் ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்ல ஒரு இன்ஃபன்ட்ரி (காலாட்படை) டீம் நிக்கிற பேஸ் 50-க்கு 32 மில்லிமீட்டர், அது ரெண்டு மரத்துக்கு நடுவுல எங்க நுழையும்? போல்ட் ஆக்‌ஷன் மாதிரி கேம்ல காட்டுக்குள்ள ஓட முடியாது, நடக்க தான் முடியும், அப்ப ஒரு ஸ்குவாடு ரெண்டு மூணு டர்ன் உள்ளயே கெடக்கும். அதனால எல்லை நிக்கணும், மரம் நகரணும், சிட்டாடல் வுட்லேந்து நான் சுட்ட ஐடியா இது தான்.

மொதல்ல காந்தம் ட்ரை பண்ணேன். மரத்தடியில ஒரு நியோடிமியம் காந்தம், பேஸ்ல ஒண்ணு. 5-க்கு 1 மில்லிமீட்டர் (விட்டம் 5, கனம் 1) காந்தம் 10 சென்டிமீட்டர் மரத்த தாங்கல, தலை கனம் இழுத்து சாஞ்சுது. 8-க்கு 2 போட்டேன், நின்னுச்சு. சந்தோஷத்துல ஒரே நைட்டுல எல்லா மரத்துக்கும் ஒட்டிட்டு தூங்கிட்டேன், காலைல எடுத்து வெச்சா நாலு மரம் பேஸ்ஸ தொட மாட்டேங்குது, கிட்ட கொண்டு போனா கையிலேந்து திமிறிக்கிட்டு சைடுல ஓடுது. துருவம் மாத்தி ஒட்டியிருக்கேன். சூப்பர் க்ளூ வேற. கத்தி வெச்சு நோண்டி எடுத்ததுல ஒரு மரம் அடியோட காலி. காந்தம் போடறவங்க ஒரு காந்தத்துல மார்க்கர்ல புள்ளி வெச்சு அத மட்டும் மாஸ்டரா வெச்சு ஒவ்வொண்ணையும் சரி பாத்து ஒட்டுங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒட்டாதீங்க.

அதுக்கப்புறம் தான் மரத்தடியில இருக்கற அந்த கூர்முனைய பாத்தேன். எந்த முனைய வேண்டாம்னு வெட்டிப் போட்டேனோ அதுவே தான் தீர்வு. தீந்து போன பேனா ரீஃபில் டியூப்ப 6 மில்லிமீட்டர் துண்டா வெட்டி, பேஸ்ல ஓட்டை போட்டு பொதிச்சா, அந்த முனை உள்ள போயி டைட்டா உக்காருது. மரத்த தூக்குனா கழண்டு வரும், முழங்கை பட்டா சாஞ்சு நிக்கும், விழாது. நான் ஏற்கனவே வெட்டுன மரத்துக்கெல்லாம் அடியில சின்னதா துளை போட்டு ஆணி சொருக வேண்டியதாப் போச்சு, முட்டாள்தனத்துக்கு அபராதம். நீங்க வெட்டாதீங்க.

பேஸ்ஸுக்கு பழைய சிடி நல்லா இருக்கும்னு நெறைய பேரு சொல்றாங்க, 120 மில்லிமீட்டர் வட்டம், வீட்டுல சும்மா கெடக்குது. ஆனா 1.2 மில்லிமீட்டர் கனத்துல ரீஃபில் டியூப்ப பொதிக்க முடியாது, மேல ஒரு கனமான ஷீட்டு ஒட்டி தான் பண்ணணும், வழுவழுப்பா வேற இருக்கறதால உப்புத்தாள் போட்டு தேய்ச்சா தான் பசை நிக்கும். நான் 6 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்., அதாவது மரநார அழுத்தி செஞ்ச பலகைய, கோணல் மாணலா வெட்டி, ஓரத்த சரிவா சீவுனேன். 3 மில்லிமீட்டர் பலகையில மொதல்ல பண்ணப்போ தண்ணி கலந்த பசை பட்டு அப்பளம் மாதிரி வளைஞ்சுடுச்சு, மெல்லிசு தான் இருக்குன்னா ரெண்டு பக்கமும் பெயிண்ட் அடிச்சு மூடிட்டு ஆரம்பிங்க. ஒவ்வொரு பேஸ்லயும் அஞ்சு டியூப், அதுல மூணு மரம். காலியா இருக்கற டியூப் வாய் சின்னதா கருப்பா தெரியும், ஒரு அடி தள்ளி நின்னா கண்ணுக்குத் தெரியாது.

இப்ப தான் செம விஷயம். பேஸ்ஸ பச்சையா பண்ணாம மண் கலர்ல, காய்ஞ்ச புல், சருகு, கொஞ்சம் கல்லுன்னு பொதுவா பண்ணி வெச்சேன். பாக்கெட்ட ஒட்டி கொஞ்சம் பைன் மரமும் வாங்குனேன், கம்பியில நாலு பட்ட மரமும் முறுக்குனேன், எல்லாத்துக்கும் அடியில அதே அளவு ஆணி. பச்ச மரம் சொருகுனா கோடைக் காடு. பைன் சொருகுனா மலைக்காடு. பட்ட மரம் மட்டும் சொருகுனா குண்டு விழுந்த காடு, இல்ல வேற ஏதோ கிரகம், வார்ஹாமர் ஆடுறவனுக்கு அது தான் புடிக்குது. மரத்த எல்லாம் பிடுங்கிட்டா வெறும் புதர் மேடு. ஆறே ஆறு பேஸ், நாலு விதமான டேபிள். பெட்டியிலயும் இடம் மிச்சம், பேஸ் தட்டையா அடுக்கிடும், மரம் ஒரு ஸ்பாஞ்சு தட்டுல குத்தி நிக்கும், ஒண்ணோட ஒண்ணு உரசாது. பனை மாதிரி மரத்துக்கு மீன் தொட்டி பிளாஸ்டிக் செடிய வெட்டி பண்ணலாம்னு பாத்தேன், இன்னும் உக்காரல, பிளாஸ்டிக் பளபளப்பு போக மாட்டேங்குது, மேட் வார்னிஷ் ரெண்டு கோட்டு அடிச்சும் சாலட் மாதிரி தான் இருக்கு.

ஸ்ப்ரே பெயிண்ட் பத்தி ஒரு வார்த்தை. மெத்தை ஸ்பாஞ்சு மேல ஸ்ப்ரே அடிச்சா பரவால்ல. தெர்மாகோல் பக்கத்துல மட்டும் அடிச்சுடாதீங்க, கேன்ல இருக்கற கரைப்பான் தெர்மாகோல கரைச்சு தின்னுடும், நான் மரத்த காய வெச்சிருந்த தெர்மாகோல் பலகையில குழி விழுந்து மரம் எல்லாம் சேத்துல மாட்டுன மாதிரி எறங்கி நின்னுச்சு. அடிக்கறத வெளிய வெச்சு மூஞ்சில மாஸ்க் போட்டு அடிங்க.

யாரு வாங்கலாம்? டப்பாவ தொறந்து நேரா டேபிள்ல வெக்கணும்னு நெனக்கறவங்க வாங்காதீங்க, மொத ஆட்டத்துலயே வெறுத்துடுவீங்க, கொஞ்சம் ஜாஸ்தி குடுத்து கேம் ஆடுறவங்களுக்குன்னே பேஸ்ஸோட விக்கிற மரமா பாத்துக்கோங்க. பசையும் பிரஷ்ஷும் கையில பழகுனவங்க, ஒரு ஞாயித்துக்கெழம காலியா இருக்கறவங்க, தாராளமா வாங்கலாம். வித்தவங்க கிட்ட ஒரே ஒரு கோரிக்கை, அந்த "நேரடியா உபயோகிக்கலாம்" வரிய எடுத்துடுங்க, இல்ல இலை இல்லாத எலும்புக்கூட தனியா ஒரு பாக்கெட்டா போடுங்க, நானே ரெண்டு வாங்கறேன். அளவையும் எண்ணிக்கையையும் தனித்தனியா போட்டா இன்னும் நல்லது, 22-ல எட்டு புதருன்னு வாங்குனப்புறம் தான தெரியுது.

ஆமா, கம்பேர் பண்ணி பாக்கணும்னு பாக்கெட்டுல ஒரு மரத்த, 8 சென்டிமீட்டர் ஒண்ணு, எதுவுமே பண்ணாம அப்படியே ஷெல்ஃப்ல நிறுத்தி வெச்சிருந்தேன். யாரும் தொடல, ஆட்டத்துக்கும் எடுத்துட்டுப் போகல. நேத்து தூசி தட்டறப்போ பாத்தா உச்சியில நாலு கொத்து தான் பாக்கி, சுத்தி ஷெல்ஃப் பூரா பச்சை. சரின்னு அந்த நாலையும் பிச்சுட்டு சாம்பல் அடிச்சு பட்ட மர செட்ல சேத்துட்டேன், அங்க ஒண்ணு குறையுதேன்னு பாத்துட்டு இருந்தேன்.